தொகுப்பித்தவரும் தொகுத்தவரும்
உலோக இசையின் கதை – 17

பல ஆண்டுகளாகத் தனித்தனி ஆல்பங்களில் வெளியான பாடல்களுள் பெயர்பெற்றவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரே வெளியீடாக அடுக்கித் தரும் தொகுப்பு ஆல்பம், வணிக வழக்கில் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ எனப்படுவது, ஹெவி மெட்டல் இசையின் தீவிர ரசிகர்களிடம் முழு மரியாதை பெற்றதில்லை. அமெரிக்கப் பாடகர் ஜானி மாத்திஸின் பாடல்களைக் கொண்டு 1958-இல் வெளியான தொகுப்பே இவ்வகைக்கும் இப்பெயருக்கும் தொடக்கம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன்பின் வெகுசன இசையில் இது நிலையான வணிகமாயிற்று. மெட்டல் இசையிலோ ‘ஹிட்’ என்ற கருத்தே பாதி அந்நியமானது. வானொலிகள் அப்பாடல்களை அதிகம் ஒலிபரப்பியதில்லை. ரசிகன் ஒரு குழுவை அறிந்துகொண்டது ‘சிங்கிள்’ எனப்படும் ஒற்றைப் பாடல் தட்டுகளைவிட முழு ஆல்பத்தின் வழியாகத்தான். முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை ஒரு வரிசை, ஒரு மனநிலை, ஓர் உறை ஓவியம் என்று கட்டப்பட்ட ஒன்றைக் கலைத்து, அதிலிருந்து இரண்டு பாடல்களை உருவியெடுப்பது அவனுக்குச் சிதைவாகவே பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்கும் மெட்டாலிக்கா குழு அத்தகைய தொகுப்பை வெளியிடாமலே இருந்துவருவது இந்த மனப்பாங்கின் தொடர்ச்சிதான்.

அவமதிப்புக்கு இன்னொரு காரணம் உரிமை தொடர்பானது. ஒரு குழு ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவுசெய்யும் மூலப் பதிவு ‘மாஸ்டர்’ எனப்படும். அதிலிருந்துதான் விற்பனைக்கான தட்டுகள் படியெடுக்கப்படுகின்றன. கூடத்தின் வாடகை முதலிய செலவுகளை ‘லேபிள்’ எனப்படும் இசைத்தட்டு நிறுவனம் முன்பணமாகக் கொடுத்து, பின்னர்க் கலைஞர்களின் ராயல்டியில், அதாவது விற்பனைப் பங்கில், அதைக் கழித்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் மாஸ்டரின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கிவிடும். ஆகவே குழுவுடனான உறவு தளரும்போதோ, புதிய ஆல்பம் தாமதமாகும்போதோ, கையிலிருக்கும் பழைய பதிவுகளைக் கொண்டு புதிய செலவு ஏதுமின்றி ஒரு தொகுப்பை வெளியிட்டுவிடுவது நிறுவனத்துக்கு எளிது. குழுவினரைக் கலந்து பேச வேண்டிய கட்டாயமும் பல ஒப்பந்தங்களில் இருப்பதில்லை.

பர்மிங்ஹாமின் பிளாக் சபாத் குழுவுக்கு 1975-இன் இறுதியில் நேர்ந்தது இதுவே. 1970 முதல் 1975 வரை ஆறு ஆல்பங்களை வெளியிட்டு மெட்டல் இசைக்கு அடித்தளமிட்ட அக்குழுவின் பாடல்கள், ‘வி சோல்டு அவர் சோல் ஃபார் ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரில் இரட்டைத் தட்டாக வெளிவந்தபோது, தேர்வில் அந்த நால்வருக்கும் பங்கிருக்கவில்லை. தொகுப்பு முதற்சில ஆல்பங்களின் பக்கமே பெரிதும் சாய்ந்து நிற்க, அவர்களுடைய ஆக்கத்திறன் புதிய திசைகளில் விரிந்த ஐந்தாம், ஆறாம் ஆல்பங்களிலிருந்து தலைக்கு ஒரு பாடல் மட்டுமே இடம்பெற்றது. அதே நகரத்தைச் சேர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழு, தன் முதலிரண்டு ஆல்பங்களை வெளியிட்ட கல் என்ற சிறு நிறுவனத்தைவிட்டு 1977-இல் சி.பி.எஸ். என்ற பெருநிறுவனத்துக்குப் பெயர்ந்தபோது அவ்விரு ஆல்பங்களின் உரிமையையும் பின்னால் விட்டுச் செல்ல நேர்ந்தது; மறு ஆண்டே பழைய நிறுவனம் அவற்றை வைத்துக் குழுவின் ‘சிறந்த பாடல்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. இரண்டு தட்டுகளும் புதிய ரசிகர்களைக் கொண்டுவந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒரு குழுவின் வரலாற்றை அக்குழுவே எழுதவில்லை என்ற குறை அவற்றில் நிலைத்துவிட்டது.

சங்க நூல்களைப் பற்றிப் பேசும்போது தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பது தமிழ் வழக்கம். பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்திய புலவர் ஒருவர், அதைச் செய்வித்த புரவலர் இன்னொருவர். இசைத்தட்டுத் தொகுப்புகளுக்கும் இந்தப் பாகுபாட்டைப் பொருத்திப் பார்த்தால், சபாத், பிரீஸ்ட் தொகுப்புகளில் இரு வேலைகளையும் நிறுவனமே பார்த்துக்கொண்டது தெரியும். தொகுப்பித்தது நிறுவனமேயாயினும் தொகுக்கும் அதிகாரத்தைக் கலைஞன் வாதாடிக் கைப்பற்றிய ஒரு தட்டும் இந்த வரலாற்றில் உண்டு. 1984 செப்டம்பரில் வெளியான, மோட்டார்ஹெட் குழுவின் ‘நோ ரிமோர்ஸ்’ அது.

மோட்டார்ஹெட்டின் தலைவரான லெம்மி கில்மிஸ்டர் 1945-இல் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பகுதியில் பிறந்தவர். பாடகராகப் பெயர்பெறும் முன், கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கருவிகளைச் சுமந்து மேடையமைக்கும் ‘ரோடி’யாக வேலை பார்த்தவர், பின்னர் ஹாக்விண்ட் என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து, 1975-இல் கனடா எல்லையில் போதைப்பொருள் தொடர்பாகத் தடுத்துவைக்கப்பட்டதை அடுத்து அதிலிருந்து நீக்கப்பட்டவர். அக்குழுவுக்காகத் தாம் எழுதிய கடைசிப் பாடலின் பெயரையே தம்முடைய புதிய குழுவுக்குச் சூட்டினார். பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த நரம்புகள் கொண்டு, வழக்கமாக ஒற்றைச் சுரங்களால் பாட்டின் அடித்தளத்தைத் தாங்கும் கருவி; லெம்மியோ அதில் பல சுரங்களை ஒருசேர மீட்டி, ஒலிபெருக்கியை அதன் தாங்கு எல்லைக்கு மேல் முடுக்கும்போது பிறக்கும் கரகரத்த ஒலிச்சிதைவோடு, இரண்டாவது கிட்டாரைப்போல் அதை முழங்கவைத்தார். உயரே பொருத்திய ஒலிவாங்கியை நோக்கி முகத்தை நிமிர்த்திக் கரடுமுரடான குரலில் பாடினார். ‘ஃபாஸ்ட்’ எடி கிளார்க் கிட்டாரிலும் ஃபில் ‘ஃபில்தி அனிமல்’ டெய்லர் டிரம்ஸிலும் சேர்ந்தபின் அமைந்த மூவர் அணி, 1979 முதல் ப்ரோன்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக ‘ஓவர்கில்’, ‘பாம்பர்’, ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ ஆகிய ஆல்பங்களை இரண்டே ஆண்டுகளுக்குள் தந்தது. மேடைப் பதிவான ‘நோ ஸ்லீப் டில் ஹாமர்ஸ்மித்’ 1981-இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்த உச்சியிலிருந்து இறக்கம் விரைவாக வந்தது. 1982-இல் கிளார்க் விலகினார். அவரிடத்துக்கு வந்த, தின் லிஸ்ஸி குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் பிரையன் ராபர்ட்சன் இசைந்து வாசித்த 1983-ஆம் ஆண்டு ஆல்பமான ‘அனதர் பெர்ஃபெக்ட் டே’ பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அவரும் போனார். கிட்டார் கலைஞருக்கான தேர்வு நடத்திய லெம்மி, இறுதியில் எஞ்சிய இருவரில் ஒருவரைக் கழிக்க மனமின்றி, ஃபில் கேம்பல், ‘வுர்ஸல்’ எனப்பட்ட மைக்கேல் பர்ஸ்டன் ஆகிய இருவரையுமே சேர்த்துக்கொண்டார். அதற்குள் டெய்லரும் வெளியேறிவிட, சாக்ஸன் குழுவின் முன்னாள் டிரம்ஸ் கலைஞர் பீட் கில் வந்தார். 1984-இன் நடுவில் மோட்டார்ஹெட் என்ற பெயருக்குக் கீழ் நின்ற நால்வரில் பழையவர் லெம்மி ஒருவரே.

இந்த நிலையில்தான் ப்ரோன்ஸ் நிறுவனம் ஒரு தொகுப்பு ஆல்பத்தை வெளியிட முன்வந்தது. நிறுவனத்துக்குத் தம் குழுவின் எதிர்காலத்தில் நம்பிக்கை போய்விட்டதன் அறிகுறியாக லெம்மி அதை எடுத்துக்கொண்டார். அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் திட்டத்தை எதிர்த்து ஒதுங்காமல், அதற்குள் புகுந்து அதைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் வழியை அவர் தேர்ந்தார். பாடல்களைத் தாமே தெரிவுசெய்வது, ஒவ்வொன்றுக்கும் தாமே குறிப்பு எழுதுவது, புதிய அணி பதிவுசெய்யும் நான்கு புதுப் பாடல்களைச் சேர்ப்பது ஆகியவற்றை வலியுறுத்திப் பெற்றார். இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட குழுவுக்கு நினைவுமலராக வந்திருக்கக்கூடிய தட்டு, இவற்றால் வேறொன்றாக மாறியது.

மாற்றத்தின் முதல் அடையாளம் அதன் அமைப்பு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது நிமிட இசையே நல்ல தரத்தோடு பதியும். ஆகவே இரட்டைத் தட்டு என்பது நான்கு பக்கங்கள், இடையே மூன்று நிறுத்தங்கள். ‘நோ ரிமோர்ஸ்’ 24 பாடல்களைப் பக்கத்துக்கு ஆறாகப் பகிர்ந்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு புதிய பாடலில் முடிக்கிறது. முதல் பக்கம் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ என்ற புகழின் உச்சியில் தொடங்கி ‘கில்டு பை டெத்’ என்ற புதிய பாடலில் முடிகிறது. இரண்டாவது ‘பாம்பர்’ முதல் ‘ஸ்னாகிள்டூத்’ வரை. மூன்றாவது ‘ஓவர்கில்’ முதல் ‘ஸ்டீல் யுவர் ஃபேஸ்’ வரை. நான்காவது ‘லூயி லூயி’ முதல் ‘லோகோமோட்டிவ்’ வரை. புதிய நான்கையும் கடைசிப் பக்கத்தில் ஒன்றாகத் தள்ளியிருந்தால் அவை பழம்பெருமையின் பின்னிணைப்பாக நின்றிருக்கும். புகழ்பெற்றவை முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிடும் ரசிகன் அவற்றைக் கேட்காமலே போயிருக்கவும் கூடும். நான்கு முறையும் பழைய மூவரிடமிருந்து புதிய நால்வரிடம் வந்து முடிவதால், கேட்பவர் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் குழுவின் நிகழ்காலத்தைச் சந்தித்தே ஆக வேண்டியிருக்கிறது. தேர்வைவிட வரிசையே இத்தொகுப்பின் சிறந்த முடிவு.

தேர்வும் சாதாரணமானதன்று. ‘ஓவர்கில்’ ஆல்பத்திலிருந்து நான்கு, ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ ஆல்பத்திலிருந்து மூன்று, ‘பாம்பர்’ ஆல்பத்திலிருந்து இரண்டு என்பது எதிர்பார்க்கக்கூடிய பங்கீடு. ஆனால் மூவர் அணியின் கடைசி ஆல்பமான ‘அயர்ன் ஃபிஸ்ட்’டிலிருந்து அதன் தலைப்புப் பாடலை மட்டும் எடுத்த லெம்மி, ரசிகர்கள் புறக்கணித்த ராபர்ட்சன் காலத்து ஆல்பத்திலிருந்து ‘ஷைன்’, ‘டான்ஸிங் ஆன் யுவர் கிரேவ்’ என்று இரண்டை எடுத்திருக்கிறார். விற்பனையை மட்டும் பார்க்கும் நிறுவனம் அதைச் செய்திருக்குமா என்பது ஐயமே. இவ்விரு பாடல்களையும் அவற்றின் தாய் ஆல்பத்தின் சர்ச்சையிலிருந்து பிரித்து, ‘பாம்பர்’, ‘மெட்ரோபோலிஸ்’ ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது, ராபர்ட்சனின் இன்னிசைத்தன்மை மிக்க கிட்டார் குழுவின் இயல்புக்கு ரசிகர்கள் நினைத்த அளவு அந்நியமானதன்று என்பது விளங்குகிறது.

ஆல்பங்களில் இடம்பெறாத பாடல்களுக்கு அளிக்கப்பட்ட இடமும் கவனிக்கத்தக்கது. ஒற்றைப் பாடல் தட்டின் மறுபக்கத்தில் வரும் இரண்டாம் பாடல் ‘பி-சைடு’ எனப்படும். முதன்மைப் பாடலின் நிழலில் மறைந்து, தட்டு விற்பனை நின்றதும் கிடைக்காமற்போவது அதன் பொதுவிதி. அவ்வாறு 1979-இல் ‘ஓவர்கில்’லின் மறுபக்கமாக வந்த ‘டூ லேட், டூ லேட்’, ‘நோ கிளாஸ்’ஸின் மறுபக்கமாக வந்த ‘லைக் எ நைட்மேர்’ ஆகிய இரண்டும் இங்கே தலைப்புப் பாடல்களுக்குச் சமமாக அமர்ந்தன. 1981-இல் கேர்ள்ஸ்கூல் என்ற மகளிர் குழுவுடன் மோட்டார்ஹெட் சேர்ந்து வெளியிட்ட மூன்று பாடல் தட்டிலிருந்து, இரு குழுக்களும் இணைந்து பாடிய ‘பிளீஸ் டோன்ட் டச்’சும், கேர்ள்ஸ்கூலின் பாடலை மோட்டார்ஹெட் பாடிய ‘எமர்ஜென்ஸி’யும் எடுக்கப்பட்டன. டெய்லர் கழுத்தில் அடிபட்டுக் கிடந்ததால் அத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கேர்ள்ஸ்கூலின் டெனிஸ் டுஃபோர்ட். ஆண்களின் உலகமாகவே எழுதப்பட்டுவரும் மெட்டல் வரலாற்றில், தன் சாதனைத் தொகுப்பின் நடுப்பகுதியில் ஒரு மகளிர் குழுவுக்கு இத்தனை இடம் தந்த வேறொரு முன்னணிக் குழுவைக் காண்பது அரிது. லெம்மியின் தேர்வுகளில் மிகுந்த பாராட்டுக்குரியது இதுவே.

மேடைப் பதிவுகளாகச் சேர்க்கப்பட்ட ‘மோட்டார்ஹெட்’, ‘அயர்ன் ஹார்ஸ்’, ‘லீவிங் ஹியர்’ ஆகிய மூன்று பாடல்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இம்மூன்றின் கூடப் பதிவுகளும் குழு ப்ரோன்ஸுக்கு வருமுன் வேறு நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டவை. மூன்றின் மேடைப் பதிவுகளையோ 1980, 1981 ஆண்டுகளில் ப்ரோன்ஸே வெளியிட்டிருந்தது. மாஸ்டர் உரிமையின் எல்லைக் கோடுகள் ஒரு குழுவின் தொடக்க ஆண்டுகளையே தொகுப்பிலிருந்து வெட்டிவிடக்கூடிய நிலையில், மேடைப் பதிவுகளின் வழியாக அந்தத் தொடக்ககாலம் உள்ளே வந்துவிட்டது. குழுவின் பெயரைத் தாங்கிய பாடல் இல்லாத மோட்டார்ஹெட் தொகுப்பு முழுமையற்றதாகவே இருந்திருக்கும். மேலும் இப்பாடலின் மேடை வடிவமே 1981-இல் ஒற்றைத் தட்டாக வெளிவந்து பெருவெற்றி கண்டது என்பதால், இந்த மாற்று இழப்பாகத் தோன்றாமல் மேம்பாடாகவே ஒலிக்கிறது.

பிறர் எழுதிய பாடல்கள் இத்தொகுப்பில் ஏன் இத்தனை என்ற கேள்விக்கு விடை லெம்மியின் இசைக்கொள்கையில் இருக்கிறது. ‘லூயி லூயி’ ரிச்சர்ட் பெர்ரி 1950-களில் எழுதியது. ‘பிளீஸ் டோன்ட் டச்’ ஜானி கிட் 1959-இல் பாடியது. ‘லீவிங் ஹியர்’ 1960-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்தது. விமரிசகர்கள் மோட்டார்ஹெட்டை மெட்டல் இசைக்கும் பங்க் இசைக்கும் இடையிலான பாலம் என்று வகைப்படுத்தியபோதெல்லாம், தாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் மட்டுமே என்று லெம்மி வாழ்நாள் முழுவதும் மேடையிலிருந்து அறிவித்துவந்தார். அந்தக் கூற்றைத் தற்பெருமையாகவோ அடக்கமாகவோ கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இத்தொகுப்பே சான்று. வேகத்தாலும் ஒலியளவாலும் புதியதாகத் தோன்றும் இசையின் எலும்புக்கூடு இருபத்தைந்து ஆண்டுப் பழைமையுடைய நடன இசை என்பதை, ‘நோ கிளாஸ்’ஸுக்கு முன் ‘லூயி லூயி’யை வைத்ததன்மூலம் தொகுத்தவர் காட்டிவிடுகிறார். மெட்டல் இசையின் வேர்களை பிளாக் சபாத்தின் மெதுவான, இருண்ட கிட்டார் ஒலிக்கோவைகளில் மட்டுமே தேடும் வரலாறுகளுக்கு இது ஒரு தேவையான திருத்தம்.

அந்த வேகத்தின் விளைவுகளை மூன்றாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கும் ‘ஓவர்கில்’ ஒன்றே விளக்கப் போதுமானது. கால்மிதியால் அடிக்கப்படும் பெரிய முரசு ‘பேஸ் டிரம்’ எனப்படும். டெய்லர் இரண்டு பேஸ் டிரம்களை வைத்து, இரு கால்களாலும் மாறிமாறி இடைவிடாது ஓட்டிய தாளம் இப்பாடலின் முதுகெலும்பு. முடிந்துவிட்டதாக நினைக்கும் தருணத்தில் அது மீண்டும் புறப்படும்; இரண்டாம் முறையும் நின்று புறப்படும். 1980-களில் அமெரிக்காவில் தோன்றிய ‘திராஷ்’ என்ற அதிவேக மெட்டல் வகையின் டிரம்ஸ் இலக்கணம் பெருமளவுக்கு இங்கிருந்து சென்றதுதான். நியூ ஜெர்சியின் திராஷ் குழு ஒன்று ‘ஓவர்கில்’ என்ற பெயரையே சூட்டிக்கொண்டது. மெட்டாலிக்கா 1998-இல் வெளியிட்ட ‘கராஜ் இன்க்.’ ஆல்பத்தில் தம் முன்னோடிகளின் பாடல்களைப் பாடியபோது மோட்டார்ஹெட்டிலிருந்து எடுத்த நான்கில், ‘ஓவர்கில்’, ‘ஸ்டோன் டெட் ஃபாரெவர்’, ‘டூ லேட், டூ லேட்’ ஆகிய மூன்று ‘நோ ரிமோர்ஸ்’ தொகுப்பில் உள்ளவை. அவற்றுள் ஒன்று பி-சைடு என்பது லெம்மியின் தேர்வுக்குப் பின்னாளில் கிடைத்த ஒப்புதல்.

புதிய நான்கு பாடல்களும் ஒரே தரத்தன அல்ல. ஆல்பம் முழுதும் கேட்டுவந்த காதுக்கு ‘ஸ்டீல் யுவர் ஃபேஸ்’ சற்றுத் தேங்கி நிற்பதாகத் தோன்றும். கோரைப்பல் கொண்ட விலங்குமுகமாக ஓவியர் ஜோ பெட்டாக்னோ வரைந்த குழுச் சின்னத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘ஸ்னாகிள்டூத்’தும், தொகுப்பை முடித்துவைக்கும் ‘லோகோமோட்டிவ்’வும் பழைய வேகத்தைப் புதிய அணி இழக்கவில்லை என்று காட்டப் போதுமானவை. ‘கில்டு பை டெத்’ மட்டும் முற்றிலும் வேறு. வேகத்தைக் குறைத்து, இரு கிட்டார்களின் அடர்த்தியை ஒரு கனத்த நடையில் நிறுத்தி, முதல் கேள்வியிலேயே மனத்தில் தங்கும் பல்லவியோடு அமைந்த அப்பாடல், மூவர் அணியால் வாசித்திருக்க முடியாத ஒன்று. அதன் காணொளியை வன்முறை மிகுந்ததென்று எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது.

தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம்வரை சென்றது. தோலுறையிட்ட சிறப்புப் பதிப்பு ஒன்றும் வெளியாயிற்று. ஆனால் நிறுவனத்துக்கும் குழுவுக்குமான உறவை இந்த வெற்றி சீர்செய்யவில்லை. வழக்கு வந்தது, வழக்கு முடியும்வரை புதிய ஆல்பம் பதிவுசெய்ய இயலாத நிலை வந்தது. எழுச்சியின் வேகத்தில் இருந்த புதிய அணி, கிடைத்த காலத்தை மேடைப் பயணங்களில் கழித்து, 1986-இல்தான் வேறு நிறுவனத்தின் வழியாக ‘ஆர்காஸ்மட்ரான்’ என்ற முதல் முழு ஆல்பத்தைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் நால்வர் அணியின் இசை எப்படியிருக்கும் என்பதற்கு உலகிடம் இருந்த தட்டுச் சான்று, ‘நோ ரிமோர்ஸ்’ஸின் நான்கு பக்கங்களையும் முடித்துவைத்த அந்தப் பாடல்கள்தாம்.

இன்று இத்தொகுப்பைக் குறுந்தட்டிலோ இணைய ஒலிச்சேவைகளிலோ கேட்போருக்குப் பக்கம் என்ற பிரிவு தென்படுவதில்லை. 24 பாடல்களும் ஒரே நீள்வரிசையாக ஓடும்போது, புதிய பாடல்கள் பழையவற்றின் நடுவே காரணமின்றிச் செருகப்பட்டவைபோல் தோன்றக்கூடும். ஆகவே வாசகர்கள் இதைக் கேட்கையில் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் பாடல்களுக்குப் பின் சற்று நிறுத்தி, நான்கு அமர்வுகளாகக் கேட்க வேண்டும். லெம்மி அடுக்கிய முறை அப்போதுதான் காதுக்குப் புலப்படும். ‘கில்டு பை டெத்’ பல பத்தாண்டுகள் குழுவின் மேடைகளில் நீங்காத பாடலாக நின்றது. அப்பாடலில் கிட்டார் வாசித்து மோட்டார்ஹெட்டின் தட்டுகளில் அறிமுகமான ஃபில் கேம்பல், 2015 டிசம்பர் 28 அன்று லெம்மி இறந்து குழு முடிவுக்கு வரும்வரை அதில் தொடர்ந்தார்.